கத்தியை அனுப்புவதா, பாகத்தை வரவழைப்பதா? விலையுயர்ந்த மடக்குக்கத்திக்கு உதிரி பாகம் தேடுவோருக்கான ஒப்பீடு

கத்தியைப் பாக்கெட்டில் மாட்டிவைக்க உதவும் கிளிப்பைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று தொலைந்துவிட்டது. அல்லது பூட்டின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது, பிளேடின் முனை உடைந்துவிட்டது. நல்ல விலை கொடுத்து மடக்குக்கத்தி வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். தயாரித்த நிறுவனத்துக்கே கத்தியை அனுப்பலாமா? பாகத்தை மட்டும் கேட்டு வாங்கி நாமே மாட்டலாமா? வெளியார் செய்து விற்கும் பாகம் போதுமா? இல்லை, கைத்தேர்ச்சியுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடலாமா? கூடவே ஒரு மனக்குறையும் வரும்: இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன், ஒரு திருகைக்கூட இலவசமாக அனுப்ப மாட்டார்களா?

கத்தியின் விலையை வைத்து இதற்கு விடை தேடக்கூடாது என்பது என் கருத்து. எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் தேட வேண்டும். சில பாகங்கள் அதே மாடல் கத்தி எதிலும் அப்படியே பொருந்தும். வேறு சில, அந்த ஒரு கத்திக்கென்றே நுணுக்கமாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. முதல் வகைக்கு நிறுவனத்திடம் நாம் தாராளத்தை எதிர்பார்க்கலாம். இரண்டாம் வகைக்கு அவர்கள் "கத்தியை அனுப்புங்கள்" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

பொருத்த வேண்டிய பாகமா, மாட்டினால் போதுமா? கிளிப், கிளிப் திருகு, கயிறு கோக்கும் குழல், கைப்பிடித் திருகு இவையெல்லாம் மாட்டினால் போதும். பிளேடு, பூட்டு, பிளேடு திறந்ததும் மோதி நிற்கும் ஸ்டாப் பின் ஆகியவை பொருத்த வேண்டியவை. பிளேடுக்கும் கைப்பிடிக்கும் இடையில் இருக்கும் மெல்லிய வட்டத் தகடான வாஷர், இந்த இரண்டு வகைக்கும் நடுவில் வரும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கத்தி எவ்வளவு காலம் கையில் இல்லாமல் போகும்? தினமும் வேலைக்குப் பயன்படுத்துபவருக்கும் சேகரிப்பில் வைத்திருப்பவருக்கும் இது ஒரே கணக்கு அல்ல.

மொத்தச் செலவு. பாகத்தின் விலை இதில் சின்னப் பகுதிதான். போகவர அஞ்சல் செலவு, காப்பீடு, எல்லை தாண்டினால் சுங்கம் எல்லாம் சேர வேண்டும்.

உத்தரவாதத்துக்கு என்ன ஆகும்? சில நிறுவனங்கள் கழற்றிச் சுத்தம் செய்வதை ஊக்குவிக்கின்றன. சில, கழற்றிய பின் வரும் கோளாறுக்குப் பொறுப்பேற்பதில்லை.

திரும்பி வருவது என் கத்திதானா? இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முன்பே யோசிக்க வேண்டியது இது.

## ஒரே பார்வையில்

| | நிறுவனத்திடம் பாகம் மட்டும் | கத்தியையே சர்வீசுக்கு | வெளியார் செய்த பாகம் | தனிப் பழுதுபார்ப்பவர் |
|---|---|---|---|---|
| எதற்கு ஏற்றது | திருகு, கிளிப், சில ஸ்பிரிங்குகள் | பிளேடு, பூட்டு, ஆட்டம் | கிளிப், கைப்பிடித் தகடு, திருகுத் தொகுப்பு | உடைந்த முனை, நின்றுபோன மாடல் |
| காத்திருப்பு | அஞ்சல் வரும் நாள் மட்டும் | வாரங்கள், சில நேரம் மாதங்கள் | அஞ்சல் வரும் நாள் மட்டும் | ஆளைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | திருப்புளிக்கு நல்ல பிட், மரைப்பசை (திருகு கழலாமல் பிடிக்கும் பசை), மழுங்கிய திருகு | அஞ்சல், சுங்கம், தீட்டலில் போகும் எஃகு | பொருந்தாத மரை, மறுவிற்பனை மதிப்பு | உத்தரவாதம் போகலாம் |
| உத்தரவாதம் | பெரும்பாலும் பாதிக்காது | பாதிக்காது | அந்தப் பாகத்தால் வரும் கோளாறுக்கு இல்லை | மாற்றிய இடத்துக்கு இல்லை |

## வழி ஒன்று: பாகத்தை மட்டும் கேட்டு வாங்குவது

கிளிப் திருகு போன்ற சின்னப் பாகத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தொலைந்தது நம் தவறாகவே இருந்தாலும், நல்ல நிறுவனங்கள் திருகையும் கிளிப்பையும் இலவசமாகவோ அஞ்சல் செலவுக்கு மட்டுமோ அனுப்பிவைக்கின்றன. இது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு கிளிப் திருகுக்காகக் கத்தியையே பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்லும் நிறுவனம், விலைக்கேற்ற சேவை தரவில்லை என்றே சொல்வேன்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி கிறிஸ் ரீவ் நைவ்ஸ். 1984-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் போய்ஸி நகரில் இயங்கும் நிறுவனம் அது. அவர்களின் செபென்சா கத்தியை உரிமையாளரே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் நிலை. பல வருடங்கள் அதற்கான ஆலன் சாவியையும் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றார்கள். கத்தியைத் திறந்து பார்க்க உரிமையாளரை நம்பும் நிறுவனத்திடம் ஒரு திருகு கேட்பது கடினமாக இருக்காது.

ஸ்பிரிங் விஷயம் கொஞ்சம் வேறு. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த ஆக்சிஸ் பூட்டை எடுத்துக்கொள்வோம். பிளேடைக் குறுக்கே தாங்கும் ஒரு சிறு உலோகத் தண்டுதான் இதில் பூட்டு. கைப்பிடியின் இரு பக்கமும் ஒமேகா எழுத்து போல வளைந்த மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பல்லாயிரம் தடவை திறந்து மூடினால் அந்தக் கம்பி களைத்து முறியலாம். ஒன்று முறிந்தாலும் மற்றொன்று பூட்டைத் தாங்கும், ஆனால் பூட்டு ஒரு பக்கமாகச் சாயும், இழுக்கும்போது தளர்வாகத் தெரியும். உடனே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனால் கத்தியைக் கழற்ற வேண்டும், அதனால் முதலில் அந்த நிறுவனத்தின் உத்தரவாத விதியைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் வாஷர். பிளேடு சுழலும் அச்சான பிவட்டில் இரு வகை உண்டு. ஒன்றில் திருகை எவ்வளவு முடுக்குகிறோமோ அவ்வளவு இறுகும். வாஷர் சற்று தடித்தாலும் மெலிந்தாலும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் முடுக்கிச் சரிசெய்துவிடலாம். இன்னொன்றில் பிவட்டைச் சுற்றி ஒரு உலோகக் குழல் இருக்கும். திருகை முழுக்க முடுக்கினாலும் இடைவெளியை முடிவு செய்வது அந்தக் குழலின் நீளம்தான். செபென்சாவின் பல பதிப்புகள் இந்த வகை. இங்கே வாஷர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடித்துப்போனாலே பிளேடு இறுகிவிடும், மெலிந்தால் ஆட்டம் வந்துவிடும். உங்கள் கத்தி எந்த வகை என்று தெரியாமல் வாஷர் கேட்காதீர்கள். குழல் வகையாக இருந்தால் கத்தியை அனுப்புவதே புத்திசாலித்தனம்.

பாகம் இலவசமாக வந்தாலும் இந்த வழியில் செலவு இருக்கிறது. டி6, டி8 அளவு டார்க்ஸ் திருகுகள் (தலையில் நட்சத்திர வடிவக் குழி உள்ளவை)தான் இந்தக் கத்திகளில் அதிகம். மலிவான பிட்டைப் போட்டுத் திருகினால் திருகின் தலை மழுங்கும். ஒரு திருகு தேடிப் போனவர் மூன்று திருகு தேட வேண்டியதாகிவிடும். மரைப்பசை போட்டு இறுக்கியிருந்தால் அடம் பிடிக்கும். நீல நிறப் பசை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்புப் பசைக்குச் சூடு தேவை, ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வரை. அதற்காகக் கத்தியை நெருப்பில் காட்டிவிடாதீர்கள். கைப்பிடியின் பிசின் கெடும், பிளேடின் பதமும் போய்விடலாம். சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் மட்டும் சற்று நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் திருப்பினால் போதும்.

## வழி இரண்டு: கத்தியையே நிறுவனத்துக்கு அனுப்புவது

பிளேடு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லி நிறுவனங்களோடு சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஃப்ரேம் லாக் எனப்படும் சட்டகப் பூட்டு வகைக் கத்திகளில், அதாவது கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியே உள்ளே வளைந்து பிளேடின் அடிப்பாகத்தைத் தாங்கும் கத்திகளில், அந்த இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை. வேறொரு பிளேடை அப்படியே மாட்டினால் பூட்டு பாதியில் நிற்கலாம். இல்லாவிட்டால் முழுக்க அடுத்த பக்கம் போய் ஆட்டம் வரலாம். வேலையின் நடுவில் பூட்டு நழுவினால் போவது விரல். ஆகவே பிளேடும் பூட்டும் என்று வந்தால் கத்தியை அனுப்புவதுதான் சரி.

ஆனால் எல்லா நிறுவனமும் எல்லாவற்றையும் செய்து தருவதில்லை. பெஞ்ச்மேட் கட்டணம் வாங்கிக்கொண்டு புதிய பிளேடு பொருத்தித் தருவதுண்டு. சுத்தம் செய்து தீட்டித் தரும் சேவையும் அவர்களிடம் இருக்கிறது. ஸ்பைடர்கோவோ பிளேடு மாற்றித் தருவதில்லை என்பதை நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. இரண்டுமே தரமான நிறுவனங்கள். அதனால் உத்தரவாதத்தின் பெயரை நம்பாமல், வாங்குவதற்கு முன்பே "முனை உடைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது. வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும், அது பொதுவாகச் செய்முறைக் குறைக்கும் பொருள் குறைக்கும் மட்டும்தான். தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் வராது. கத்தியை நெம்புகோலாக்கி முனையை உடைத்தவருக்கு இலவசப் பிளேடு கிடைக்காததில் அநியாயம் எதுவும் இல்லை.

இந்த வழியின் மறைந்த செலவுகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றங்கள் பெரும்பாலும் இங்கேதான்.

அஞ்சல் செலவு போகும்போது நம்முடையது. வரும்போதும் சில நிறுவனங்களில் நம்முடையதே. நாடு தாண்டினால் சுங்கம் சேர்கிறது. பழுதுபார்க்கப் போய்த் திரும்பும் பொருள் என்று போகும்போதே எழுதி, வரிசை எண்ணையும் பழைய ரசீதின் நகலையும் சேர்த்து வைக்காவிட்டால், திரும்பி வரும்போது புதுப் பொருள்போல முழு விலைக்கும் வரி கேட்கப்படலாம். பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளுக்கு இன்னும் கெடுபிடி. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் அவற்றின் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது, வேறு பல நாடுகளில் வைத்திருக்கவே தடை. அனுப்புமுன் இரு நாட்டு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தீட்டல். சர்வீசுக்குப் போன கத்தியைக் கேட்காமலேயே இயந்திரத்தின் உராய்வு பெல்ட்டில் தீட்டி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நீங்கள் கல்லில் பொறுமையாக அமைத்து வைத்திருந்த விளிம்புக் கோணம் போய்விடும், கொஞ்சம் எஃகும் போகும். வேண்டாம் என்றால் சீட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மாடல் நின்றுபோயிருந்தால் இன்னொரு ஆபத்து. பாகம் இல்லாதபோது அதற்குச் சமமான புதுக் கத்தியை அனுப்பிவிடுவது சில நிறுவனங்களின் வழக்கம். அவர்கள் பார்வையில் அது பெருந்தன்மை. உங்கள் தகப்பனார் தந்த கத்தி என்றால் அது இழப்பு. "என்னைக் கேட்காமல் மாற்றுக் கத்தி அனுப்ப வேண்டாம், சரிசெய்ய முடியாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்" என்ற ஒரு வரியை எழுதிவைப்பது அவசியம். வெளியில் வாங்கி மாட்டிய கைப்பிடித் தகடு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, பழைய தகட்டோடு அனுப்புங்கள். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தும், பிளேடு ஆட்டம், பூட்டு நழுவல், நடுவில் நிற்காத பிளேடு இவற்றுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். பூட்டு தேய்ந்து அதிகம் உள்ளே போகும் கத்தியில், கொஞ்சம் தடித்த ஸ்டாப் பின்னைப் போட்டு பிளேடை முன்பே நிறுத்தினால் பூட்டும் பழையபடி முன்னதாகவே நிற்கும். பல அளவில் ஸ்டாப் பின் கையிருப்பில் இருப்பவர்களுக்கு இது சிறிய வேலை. நம்மிடம் அது இருக்காது.

## வழி மூன்று: வெளியார் செய்து விற்கும் பாகம்

பிரபலமான மாடல்களுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. லிஞ்ச் நார்த்வெஸ்ட் போன்றவர்கள் டைட்டேனியம் கிளிப் செய்கிறார்கள், ஃப்ளைட்டேனியம் போன்றவர்கள் கைப்பிடித் தகடுகள் செய்கிறார்கள். தரத்தில் சில நேரம் அசலையே மிஞ்சும். அசல் கிளிப் உங்களுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்றால், அது உடைந்த நாளே மாற்றுவதற்கு நல்ல நாள்.

தொல்லை வருவது பெயர் தெரியாத திருகுத் தொகுப்புகளில். அமெரிக்க நிறுவனங்கள் பல 2-56, 4-40 என்ற அங்குல மரையைப் பயன்படுத்துகின்றன. மற்ற நாட்டுக் கத்திகளில் எம்2, எம்2.5, எம்3 என்ற மெட்ரிக் மரை அதிகம். 2-56 திருகின் விட்டம் ஏறக்குறைய 2.18 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 0.45 மில்லிமீட்டர். எம்2-இல் விட்டம் 2 மில்லிமீட்டர், இடைவெளி 0.4. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எம்2 திருகு 2-56 துளைக்குள் போகும், பிடித்ததுபோலக்கூடத் தோன்றும், இறுக்கும்போது வழுக்கிவிடும். 4-40 துளையில் எம்3 திருகை வலுக்கட்டாயமாகச் செலுத்தினால் கைப்பிடியின் மரையே நாசமாகும். திருகு மலிவு, கைப்பிடித் தகடு மலிவல்ல. முதல் இரண்டு சுற்றும் விரலால் போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

உத்தரவாதம் பற்றிய பயம் இங்கே அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம், தங்கள் பெயரிட்ட பாகத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அதே சமயம், நீங்கள் மாட்டிய பாகத்தால் வந்த கோளாறுக்கு நிறுவனம் பொறுப்பில்லை. வெளியில் வாங்கிய கிளிப் இருக்கிறது என்பதற்காக முறிந்த ஸ்பிரிங்கை மாற்ற மறுத்தால் அது சரியில்லை. வெளியில் வாங்கிய பிளேடோடு பூட்டு நழுவுகிறது என்று புகார் சொன்னால் அதுவும் சரியில்லை. வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியார் செய்த பிளேடையும் பூட்டுப் பாகத்தையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி நான்கு: தனிப் பழுதுபார்ப்பவர்

உடைந்த முனைக்கு இதுவே சிறந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் முனை போனதற்குப் புதிய பிளேடு தேவையில்லை. கைதேர்ந்தவர் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து முனையைக் கீழே இறக்குவார். ஏன் முதுகுப் பக்கம்? மடக்கும்போது பிளேடின் கூர் உள்ளேயும் முதுகு வெளியேயும் இருக்கும். முதுகிலிருந்து தேய்த்தால் புதிய முனை கைப்பிடிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். கூர்ப் பக்கத்திலிருந்து தேய்த்தால் முனை மேலேறி, மடக்கிய கத்தியில் வெளியே துருத்திக்கொண்டு பாக்கெட்டில் கையை விடும்போது கிழிக்கும். பழுதுபார்ப்பவரிடம் எந்தப் பக்கம் தேய்ப்பீர்கள், தேய்க்கும்போது நீரில் ஆற்றுவீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். மெல்லிய முனை மிக வேகமாகச் சூடேறும்; நீல நிறம் படர்ந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது.

நிறுவனமே மூடப்பட்டிருந்தாலோ மாடல் நின்று பல காலம் ஆகியிருந்தாலோ, மிஞ்சும் வழியும் இதுதான். சிலர் பழுதான அதே மாடல் கத்தியை மலிவாக வாங்கிப் பாகம் எடுக்கிறார்கள். கிளிப்புக்கும் திருகுக்கும் அது நடக்கும். பிளேடுக்கு நடக்காது, அல்லது மறுபடி பூட்டைப் பொருத்த வேண்டிவரும்.

## என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது

விலையுயர்ந்த கத்தி வாங்கியவருக்குச் சில நாட்களுக்குள் ஒரு மனிதரின் பதில் வர வேண்டும். சின்னப் பாகம் தனியாகக் கிடைக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் கட்டணம் சொல்லப்பட வேண்டும். முடியாது என்றால் அதுவும் சீக்கிரம் சொல்லப்பட வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் "முடியாது" யாருக்கும் உதவாது. இவற்றைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். எல்லாம் இலவசமாக வேண்டும், தனிப் பிளேடு அஞ்சலில் வர வேண்டும், இரண்டாம் கையில் வாங்கிய கத்திக்கும் முதல் உரிமையாளருக்கான உரிமை வேண்டும் என்பவை வேறு. கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் குறை சொல்ல இடமில்லை. இரண்டாம் கைக் கத்தி போலியாகவும் இருக்கலாம். பிரபல மாடல்களுக்கு அச்சு அசலான போலிகள் உலவுகின்றன, போலியை எந்த நிறுவனமும் தொடாது.

எழுதும் கடிதத்திலும் நம் பங்கு இருக்கிறது. "என் கத்தியின் திருகு போய்விட்டது" என்று எழுதினால் நான்கு கேள்விகள் திரும்பி வரும், ஒரு வாரம் வீணாகும். மாடல் பெயர், பதிப்பு, பிளேடு எஃகின் பெயர், வாங்கிய ஆண்டு, பாகம் இருந்த இடத்தைக் காட்டும் படம் எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே வையுங்கள். பதிப்பு முக்கியம்: செபென்சா 21-க்கு அடுத்து வந்த 31-இல் பூட்டு பிளேடைத் தொடும் இடத்தில் பீங்கான் குண்டு வந்தது; பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

ஒற்றை ஆள் பட்டறையில் செய்த கத்தி என்றால் இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். அங்கே சர்வீஸ் பிரிவு கிடையாது, செய்தவரேதான் எல்லாம். பெரிய நிறுவனங்களைவிட அக்கறையாகப் பதில் வருவதும் உண்டு. அவர் ஓய்வு பெற்றால் அத்தோடு பாகமும் நின்றுவிடும். அப்படிப்பட்ட கத்தியை வாங்கும் நாளிலேயே ஒரு கிளிப், ஒரு முழுத் திருகுத் தொகுப்பு, இரண்டு வாஷர் கூடுதலாகக் கேட்டு வாங்கி, மரை அளவைச் சீட்டில் எழுதி அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.